திரைக்கு முன்னும் பின்னும்

(வேளாங்கண்ணியில் நடந்த நம் பழைய மாணவர் சங்கக் கூடுகையின் மாலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சில திருத்தங்களோடு.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘குடும்பத்தோடு பார்க்கத்தக்க இயேசு படங்கள்’. "நீதானேய்யா அந்தக் காலத்துல மெஷினைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சவன், நீயே பேசு" என்றார். இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் மைக்கை அணைத்துவிடுவாராம். ஹாஸ்டலில் பத்து மணிக்கு லைட்டை அணைத்த அதே கைதான், செய்தாலும் செய்வார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஜனங்கள் சினிமா பார்க்க ஆரம்பித்த கதையே இயேசு படத்தோடு சேர்ந்த கதை. 1905-ஆம் ஆண்டு, நம்ம திருச்சியில் ரயில்வே ஆபீசில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். சொந்த ஊர் கோயம்புத்தூர். டுபான்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு வந்தவர், திருச்சிக்கு வந்ததும் உடம்புக்கு முடியாமல் போய், மெஷினையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பத் தீர்மானித்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். வின்சென்ட் வாங்கினார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். பிறகு கோவையில் 1914-ல் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கொட்டகையே கட்டினார். படம் பேசாத காலம் அது. திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்றுகொண்டு ‘இதோ பார், இது இன்னார்’ என்று விளக்கம் சொல்வார். அந்த உத்தியோகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு வேண்டும்.

பம்பாய்ப் பக்கம் இதே மாதிரி இன்னொன்று. கொட்டகையில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம் பார்த்த ஒரு மராத்திக்காரர், ‘நம்ம ராமனையும் கிருஷ்ணனையும் இப்படித் திரையில் பார்க்க முடியாதா’ என்று ஏங்கிப்போய், 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தார். தாதா சாகேப் பால்கே. நம்ம புராணப் படங்களுக்கு நாற்றங்கால் எங்கே என்று பார்த்தீர்களா!

தமிழ்நாட்டில் நாடக மேடையும் பின்தங்கவில்லை. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் கம்பெனி அய்யப்பன் கதையையும் போட்டது, ‘இயேசுநாதர்’ நாடகத்தையும் போட்டது. ஒரே கம்பெனி, ஒரே நடிகர்கள், ஒரே ஆர்மோனியப் பெட்டி. அதைப் பார்க்க எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் போனார்கள். 1948-ல் ‘ஞானசௌந்தரி’ கதையை ஒரே சமயத்தில் இரண்டு கம்பெனிகள் படமாக எடுத்தன. சிட்டாடல் எடுத்ததில் எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும். ஜெமினி எடுத்ததை, சிட்டாடல் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து வாசனே திரும்ப வாங்கிக்கொண்டார். அதில் வெட்டுப்பட்ட கைகள் மாதாவின் அருளால் திரும்ப வளரும். எங்க அம்மா தன் வாழ்நாளில் பார்த்த நல்ல படம் எது என்று கேட்டால் சாகும்வரை அந்த ஒன்றைத்தான் சொன்னார்.

‘அன்னை வேளாங்கண்ணி’ 1971-ல் வந்தது. ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா எல்லோரும் இருந்தார்கள். டான்ஸ் மாஸ்டர் தங்கப்பன் டைரக்ட் செய்தார். அவரிடம் உதவியாளராக இருந்த ஓர் ஒல்லிப் பையன் அதில் இயேசுவாகச் சின்னதாக ஒரு வேஷமும் போட்டான். பெயர் கமல்ஹாசன். எனக்கு அப்போது பத்து வயது. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தபோது, ‘நம்ம ஊர் பேரு திரையில வருதுடா’ என்பதைத் தவிர எதுவும் மண்டையில் ஏறவில்லை.

‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ எடுத்த ஏ. பீம்சிங்கின் கடைசிப் படங்களில் ஒன்று, தெலுங்கில் ‘கருணாமயுடு’. விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். 1978 ஜனவரியில் பீம்சிங் காலமாகிவிட்டார். படம் அந்த வருஷக் கடைசியில்தான் வெளிவந்தது. தமிழில் ‘கருணாமூர்த்தி’. அதைக் குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள், பல ஊர்களில் பல தடவை பார்த்தார்கள். பீம்சிங்குக்கு ஒரு வீட்டுக்குள் அழுகை எங்கே தொடங்கும் என்பது தெரியும். பாலஸ்தீன வெயில் எப்படி அடிக்கும் என்பது தெரியாவிட்டால் என்ன? நம்ம வெயில் போதும்! அதே விஜயசந்தர் பின்னால் ஷீரடி சாயிபாபாவாகவும் நடித்தார், அதையும் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

இனி என் கதை. 1982-ல் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வேலை இல்லாமல் வேளாங்கண்ணியில் கடற்கரைத் தெருவில் மாமா கடையில் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தேன். அப்போது ஊர்களில் 16 எம்.எம். மெஷினில் இயேசு படம் காட்டுகிற குழு ஒன்றுக்கு ‘எலக்ட்ரிக்கல் தெரிந்த பையன்’ தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த எலக்ட்ரிக்கல், நம் லேபில் மீட்டர் பிரிட்ஜில் பேட்டரியைத் தலைகீழாகக் கொடுத்து டெமான்ஸ்ட்ரேட்டரிடம் திட்டு வாங்கினதுதான். இருந்தாலும் போனேன்.

காட்டின படம் 1979-ல் வந்த ‘இயேசு’. இஸ்ரேலிலேயே எடுத்தது. பிரையன் டீக்கன் என்ற ஆங்கிலேய நடிகர் இயேசு. லூக்கா நற்செய்தி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற படம். இன்றைக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அதற்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்தப் படமும் இத்தனை மொழி பேசியதில்லை. இரண்டு மணி நேரப் படம், மூன்று ரீல். எங்களிடம் ஒரே மெஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அந்த இடைவெளியில் ஜனங்கள் கலைந்து போகாமல் மைக்கில் பேசிக்கொண்டிருப்பதும் என் வேலைதான். ஆக, வின்சென்ட் காலத்து விளக்கம் சொல்கிறவர் உத்தியோகம் எழுபத்தேழு வருஷம் கழித்து எனக்கு வந்து சேர்ந்தது.

அந்த உத்தியோகம் எவ்வளவு அவசியம் என்பது முதல் வாரமே தெரிந்தது. படத்தில் ‘பேதுரு, பேதுரு’ என்று கூப்பிடுகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "யாருப்பா இந்தப் பேதுரு? நம்ம சேசுநாதர்கூட இராயப்பர்லப்பா இருந்தாரு? அவரை எங்க காணோம்?" என்று கேட்டது. கத்தோலிக்க ஊர்களில் அன்றைக்கு அவர் இராயப்பர். அந்திரேயா என்றால் பெலவேந்திரர், யோவான் என்றால் அருளப்பர், பவுல் என்றால் சின்னப்பர். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான் வைத்திருக்கும். திரையில் வருகிறவர்களோ அந்நியர்களாக இருந்தார்கள். (1995-ல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்து எல்லோருக்கும் பேதுரு ஆகிவிட்டார். இன்றைய பிள்ளைகளிடம் இராயப்பர் என்றால் ‘எந்தத் தெரு?’ என்று கேட்கும்.) அன்று முதல் நான் மைக்கில், "இதோ படகுல நிக்கிறாரே, இவருதான் நம்ம இராயப்பர்" என்று சொல்லிவிடுவேன். சொன்னதும் கூட்டத்தில் ஒரு ‘ஆ...’ எழும் பாருங்கள், சொந்தக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கின மாதிரி!

மீனவர் ஊர்களில் வேறு தொல்லை. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல், அவர் சொல்லி வலை போட்டதும் மீன் குவிகிற காட்சி வரும். பக்தியாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தால், "வலையை இழுக்கிற லட்சணத்தைப் பாரு! இப்படி இழுத்தா மீனு எங்கருந்து வரும்?" என்று ஒரு பெரியவர். இன்னொருவர், "அது ஏரி மீன் அண்ணே, அதுக்கு இது போதும்" என்று சமாதானம் சொன்னார். அவர் சொன்னது சரி. கலிலேயாக் கடல் என்று பெயரே தவிர, அது நல்ல தண்ணீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அகலம் 13. ஆனாலும் குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடப்பதால் திடீர்க் காற்று இறங்கிப் படகைக் கவிழ்க்கும். இதை மைக்கில் சொன்னதும் அந்தப் பெரியவர் சமாதானமாகி, "அப்ப அவனும் நம்ம மாதிரிதான்" என்றார். சீடர்களைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் அதைவிடச் சுருக்கமானது இல்லை.

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடுத்திட்டுக் கோயில் பக்கம் மல்லிகைப்பூ கட்டி விற்றவர். பைபிளில் இருப்பது சாமியார் சொல்லித் தெரிந்ததுதான். ஒரு நாள் எங்கள் ஊரிலேயே படம் போட்டோம். மகன் மெஷின் பக்கத்தில் நிற்கிறான் என்று பெருமையாக முன்னால் வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "ஏண்டா தம்பி, சிலுவையடியில மாதாவைக் காணோமே? படத்தை வெட்டிட்டீங்களா?" என்றார்.

வெட்டவில்லை. மாதாவுக்கு வானதூதர் சொன்ன செய்தி, எலிசபெத்தைப் பார்க்கப் போனது, மாட்டுத் தொழுவம் இதையெல்லாம் லூக்காதான் விரிவாகச் சொல்கிறார். ஆனால் சிலுவையடியில் தாய் நின்றதைச் சொல்கிறவர் யோவான். லூக்கா வழியிலேயே போகிற படத்தில் அந்தக் காட்சிக்கு இடமில்லை. இதை அம்மாவுக்கு விளக்கினேன். பட்டதாரி அல்லவா! அம்மா கேட்டுவிட்டு, "எந்த ஆத்தாடா புள்ளைய அங்க விட்டுட்டு வீட்ல இருப்பா? எழுதினவருக்குத் தெரியலன்னா எடுத்தவனுக்குமா தெரியாது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரீலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, ஒரு ஃபிலிம் சொசைட்டியில் பசோலினி என்ற இத்தாலியர் 1964-ல் எடுத்த படத்தைப் பார்த்தேன். மத்தேயு நற்செய்தியை அப்படியே எடுத்தது. அந்த மத்தேயுவிலும் சிலுவையடியில் தாய் நின்றதாக வரி கிடையாது. ஆனால் படத்தில் நிற்கிறார், வயதான ஒரு அம்மா, கால் தள்ளாடி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள. நடித்தவர் பசோலினியின் சொந்த அம்மா. எனக்கு அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உட்கார முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். சொல்லலாமா என்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் ரூம்மேட்டிடம் நேற்று ராத்திரியே கேட்டுவிட்டேன். "சொல்லுடா, என் பேரை மட்டும் சொல்லாதே" என்றான்.

1983, தவக்காலம். சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் கட்டாந்தரை. வேளாங்கண்ணியிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி ஒரு ஊர். என் ரூம்மேட்டின் ஊர் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் ஊருக்கு அதற்கு முன்னால் போனதில்லை. ஊர்ப் பெரியவர்கள் இடம் காட்டினார்கள். தெரு முடிகிற இடத்தில் இரண்டு தென்னைமரம், அவற்றுக்கு நடுவே திரை. நான்தான் ஏறிக் கட்டினேன். மெல்லிசான வெள்ளை வேட்டித் துணி. வெளிச்சம் பட்டால் பின்பக்கமும் படம் தெரியும்.

படம் ஓட ஆரம்பித்தது. தெருப் பக்கம் நல்ல கூட்டம், பாய் விரித்து, நாற்காலி போட்டு. லூப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கயிறு தளர்ந்திருக்கிறதே என்று திரைக்கிட்டே போனேன். அந்தப் பக்கம் பார்த்தால், வயல் முழுக்க ஜனங்கள். தெருவில் இருந்ததைவிட அதிகம். யாரும் அவர்களை அங்கே போகச் சொன்னதாக நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, திரையை அந்த இடத்தில் கட்டினதே அதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நடுவில், மண்ணில் சம்மணம் போட்டு, என் ரூம்மேட். மூன்று வருஷம் ஒரே சோப்பில் குளித்தவன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

நான் திரும்பி மெஷின் பக்கம் வந்துவிட்டேன். இடைவேளையில் மைக்கைப் பிடித்து, ‘எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழ்வெண்மணி அங்கிருந்து தூரமில்லை. 1968-ல், கிறிஸ்துமஸ் அன்றைக்கு ராத்திரி, 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த வட்டாரம் அது. பயம் என்று சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் பயம் பாதிதான். மீதிப் பாதி, ‘நமக்கென்ன, படம் நல்லபடியாக முடிந்தால் சரி’ என்பது.

முடிந்ததும் அவன் வந்தான். ஒயரைச் சுற்றிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டே, "எங்க பக்கத்துல இயேசு இடது கைக்காரர்டா" என்றான். குழந்தைகளை ஆசீர்வதித்தது இடது கை. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி. "ஆனா காத்து எங்க பக்கம்தான் நல்லா வந்துச்சு" என்றும் சொன்னான்.

ஏழைகளுக்கு நற்செய்தி என்று நாசரேத் தொழுகைக்கூடத்தில் வாசிக்கிற காட்சி அந்தப் படத்தில் உண்டு. அதை நான் அந்த வருஷம் ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்தது அந்த இடது கைதான்.

அதற்குப் பிறகு நான் வெட்டவெளியில் திரை கட்டுவதை விட்டுவிட்டேன். ‘காற்றில் துணி ஆடுகிறது, ஃபோகஸ் நிற்கவில்லை’ என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கோயில் சுவர், பள்ளிக்கூடச் சுவர், நெல் குடோன் சுவர் என்று எங்கே சுவர் இருக்கிறதோ அங்கே திரையை ஒட்டி அடித்துவிடுவேன். சுவருக்குப் பின்பக்கம் கிடையாது அல்லவா? பார்க்க வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே பக்கம்தான் உட்கார வேண்டும். பெரும்பாலான ஊர்களில் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு கயிறு கட்டிக்கொண்ட ஊரும் உண்டு. ஒரு ஊரில் மட்டும் பெரியவர் ஒருத்தர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார். "தம்பி, இன்னைக்குப் படம் வேணாம். பெட்டியைக் கட்டு" என்றார். கட்டினேன். பதினான்கு கிலோமீட்டர் மாட்டு வண்டியில் திரும்பி வந்தோம். குழுவில் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான், அந்த ஊரில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படம் பார்க்காமல் போனார்கள். இதை நான் வீரமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ரூம்மேட்டின் ஊரில் செய்ய வேண்டியதை வேறு ஊரில் செய்தேன், அதுவும் சுவர்மேல் பழி போட்டு.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒன்று மட்டும்.

பி.எட். முடித்து வாத்தியார் வேலைக்குப் போய், கல்யாணம், மகள் என்று ஆகி, 2004. அந்த வருஷம் மெல் கிப்சனின் ‘பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ வந்தது. அராமிக் மொழியில் பேசுகிற படம், அதனால் எல்லா நாட்டாருக்கும் சமமாகப் புரியாது. அமெரிக்காவிலேயே சிறுவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். நான் அதையெல்லாம் விசாரிக்காமல், இயேசு படம்தானே என்று வீட்டில் சி.டி.யைப் போட்டேன். மகளுக்கு ஒன்பது வயது. கசையடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். என் மனைவி எழுந்து போய் பிளக்கையே பிடுங்கிவிட்டாள். ஒரு வாரம் பிள்ளை தனியாகத் தூங்கவில்லை. பெரியவர்கள் தவக்காலத்தில் பார்க்க வேண்டிய படம் அது, மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் பயப்படுத்துகிற எதையும் இனிப் போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அந்த டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை இந்த ஊரில் நின்றுகொண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் இங்கே கடற்கரையிலேயே போனார்கள். ஜனவரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் ஏதாவது காட்டுங்கள் சார் என்றார்கள். என்னிடம் இருந்தது அந்தப் பழைய ‘இயேசு’ படம்தான், சி.டி.யில். போட்டேன். படகில் சீடர்கள் அலறுகிற காட்சி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், ரீல் கணக்கே மனப்பாடம். ரிமோட்டை எடுத்து அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிவிட்டேன்.

பத்து வயதுப் பையன் ஒருத்தன் எழுந்து நின்றான். "சார், கடலை நிறுத்துவாருல்ல, அதை ஏன் சார் ஓட்டிட்டீங்க?" மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறான். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "போடுங்க சார், போடுங்க சார்." திருப்பிப் போட்டேன். அலை எழுந்தது. மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. அவர் எழுந்து நின்று அதட்டினார், காற்று நின்றது. "இன்னொரு தடவை சார்." மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அவர்கள் பார்த்தது அவரை அல்ல, தண்ணீரைத்தான். அது அடங்குகிறதா என்று.

ஒரு பெண் குழந்தை மட்டும் முதல் தடவையே எழுந்து வெளியே போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உள்ளே மூன்றாவது தடவை ஓடுகிற சத்தம் கேட்டது.

ஆகையால், எந்தப் படம் குடும்பத்தோடு பார்க்கத்தக்கது என்று பட்டியல் கொடுக்கச் சொன்ன செயலாளரிடம் நான் கொஞ்சம் தயங்கினேன். இருந்தாலும் கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு 2000-ல் வந்த ‘தி மிராக்கிள் மேக்கர்’ நல்லது. பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி எடுத்தது, யாயீரின் நோயாளி மகள் கண் வழியாகக் கதை போகும். 2025-ல் வந்த ‘தி கிங் ஆஃப் கிங்ஸ்’ கார்ட்டூனில் எழுத்தாளர் டிக்கன்ஸ் தன் பையனுக்குக் கதை சொல்கிறார். அவர் தன் பிள்ளைகளுக்காக எழுதி வைத்ததுதான் அதற்கு மூலம், எடுத்தவர்கள் கொரியாக்காரர்கள். லீவு நாட்களில் துண்டு துண்டாகப் பார்க்க ஜெஃபிரெல்லியின் ‘ஜீசஸ் ஆஃப் நாசரேத்’, 1977, ஆறு மணி நேரத்துக்கும் மேலே. ‘பென்ஹர்’ யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதில் இயேசுவின் முகத்தையே காட்டாமல், தாகத்தில் விழுந்து கிடப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற கையை மட்டும் காட்டுவார்கள். எனக்கு இன்றும் அந்தக் கை போதும்.

என் பேத்திக்கு இவற்றில் எதுவும் பிடிக்கவில்லை. அவளுடைய அம்மா போனில் பார்க்கும் ‘தி சோசன்’ தொடரைத்தான் அவளும் பார்க்கிறாள். 2019-லிருந்து வருகிறது, பார்வையாளர்களிடமே பணம் திரட்டி எடுத்தது. அதில் பேதுருவுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், வரிக்கடன் இருக்கிறது, வீட்டில் சண்டை நடக்கிறது. மாமியார் காய்ச்சலைக் குணமாக்கினதால்தான் அவர் மூன்று தடவை மறுதலித்தார் என்று நம் ஹாஸ்டலில் ஓடிய பழைய ஜோக்கை அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, என் மாமியாருக்கும் வரவில்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, இந்த விடுதியின் பின்முற்றத்தில் படம் உண்டு. ‘ஞானசௌந்தரி’, 1948, சிட்டாடல் எடுத்தது. பிரிண்ட் கொஞ்சம் கீறல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மெஷின் உள்ளங்கை அளவு வந்துவிட்டது, லூப்பும் இல்லை, ரீலும் இல்லை, அதனால் இடைவேளையில் நான் பேசமாட்டேன். திரையை மதில் சுவரில் அடித்தாகிவிட்டது. ஆணி அடித்தது என் ரூம்மேட். முன்வரிசையில் நடுவில் ஒரு நாற்காலி அவனுக்குப் போட்டு வைத்தேன், காற்று வராதாம், ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். கொசு நிறைய இருக்கிறது, போர்த்திக்கொள்ள ஏதாவது எடுத்து வாருங்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பம்.